காணாமற்போன தம்பியைப் பற்றிக் கேட்க மணிமுத்தாற்றங்கரைக்கு

1915 ஆகஸ்டில், பள்ளி வாத்தியாரான நானும் என் தம்பி மனைவி எஸ்தரும் பாளையங்கோட்டையிலிருந்து மணிமுத்தாற்றங்கரை வரை போய் வந்தோம். பட்டாளத்திலிருந்த தம்பி சாமுவேலை, ஜெர்மானியரோடு சண்டையிடக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். பிறகு வந்த கடிதத்தில் ‘காணவில்லை’ என்று மட்டும் இருந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பல மாதங்களாகத் தெரியவில்லை. அவனோடு ஒரே அணியில் நின்ற மாடசாமி ஒரு காலை இழந்து ஊர் திரும்பியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் கிளம்பினோம். இப்படி விசாரிக்கப் போகவேண்டியவர்கள் இந்த ஜில்லாவில் இன்னும் பலர் இருப்பதால் வழியை விவரமாக எழுதுகிறேன்.

ஆற்றுப் பாலம் தாண்டி ரயிலடிக்கு மூன்று மைல். குதிரை வண்டிக்கு நாலணா. காலை ஏழு இருபது வண்டியில் கல்லிடைக்குறிச்சிக்கு மூன்றாம் வகுப்பு நாலரை அணா. சேரன்மகாதேவி தாண்டியதும் மலை தெரியத் தொடங்கும். வயலெல்லாம் பச்சை. எஸ்தர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். ஐந்து மைல், ஆறணா. பாதை மோசம், சாரல் வேறு. யார் வீட்டுக்கு என்று சொன்னதும் வண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்கன போற மூணாவது குடும்பம் நீங்க. திரும்பி வரையில யாரும் பேச மாட்டேங்காவ” என்றார்.

மாடசாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாமுவேலின் பேரைச் சொன்னபோது அவருக்கு நினைவில்லை. எஸ்தர் கொண்டுவந்திருந்த அவன் படத்தை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. கப்பலில் வாரக்கணக்காக வாந்தியெடுத்துக் கிடந்தவர்களைக் கரையில் இறக்கி, உடனே தோப்புகளுக்குள் நடத்தியதைச் சொன்னார். எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியவில்லையாம். அதற்குள் தேனீக்கள் கலைந்து வந்து கொட்ட, பலர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். சாமுவேல் ஓடவில்லை. எதிரே புதரிலிருந்து எழுந்த ஒருவனைச் சுட்டிருக்கிறான்.

“ஒங்க தம்பி சுட்ட ஆளு நம்மள மாதிரிக் கறுப்புதான், வாத்தியாரய்யா. செர்மன்காரன் துப்பாக்கி குடுத்து நிறுத்துன அந்த ஊர்க்காரன். ரெண்டு பக்கமும் ஏவுனவன்தான் வெள்ளக்காரன்.”

சாமுவேல் அவன் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறான். சுடப்பட்டவனுக்கு உயிர் இருந்தது. ஏதோ கேட்டிருக்கிறான், பாஷை புரியவில்லை. சாமுவேல் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துத் தன் தண்ணீரைக் கொடுத்திருக்கிறான். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது.

“ரெண்டு தடவ கூப்பிட்டேன். ‘நீ போ, நான் இவன்கூட இருக்கேன்’னு சொல்லிட்டாவ.”

எஸ்தர், “நீங்க திரும்பிப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. ஓடினேன்” என்றார் மாடசாமி. கரைக்குப் பக்கத்தில்தான் அவருக்குக் காலில் குண்டு பாய்ந்திருக்கிறது. யாரோ தூக்கிப் படகில் போட்டார்களாம். சொல்லி முடித்தபின் அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. அவருடைய மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

போகிறவர்கள் படம் கொண்டுபோங்கள். திரும்பியவர்களுக்குப் பேர் மறந்துவிடுகிறது, முகம் மறப்பதில்லை. மூன்று மணிக்குள் புறப்பட்டால்தான் சாயங்கால ரயில் கிடைக்கும். ஆறுதல் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சுடப்பட்ட அந்த மனிதனின் வீட்டாருக்கு இவ்வளவு சொல்லவாவது யாராவது திரும்பி வந்தார்களா என்ற நினைப்பு என்னை இன்னும் தூங்கவிடவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன், இறந்தவர்கள் பட்டியலில் சாமுவேலைச் சேர்க்கட்டுமா என்று போதகர் கேட்டார். வேண்டாம் என்றாள் எஸ்தர். அப்படியானால் போர்முனையில் இருப்பவர்களுக்கான ஜெபத்தில் பேரைச் சொல்லட்டுமா என்றார்.

“அதுலயும் வேண்டாம்யா. அவுக அந்த ஆளுகூட இருக்காவ” என்றாள்.