அப்ஸ்காண்ட் ஆனவனின் கோழிகள்

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலையில் பாதி, வெள்ளைக்காரத் துரை சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்ற ஆளைத் தேடுவதுதான். அதனால் முதலில் ஒரு விடுகதை. கை இல்லை, கால் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தையே வீட்டிலிருந்து வெளியேற்றிவிடும். அது என்ன?

விடை: ‘அப்ஸ்காண்ட்’ என்னும் வினைச்சொல். ஆங்கில வினைச்சொற்களை நெட்டுருப் போட்டுத் தவிக்கும் என் இனத்தவரே, பொறுமையாகக் கேளுங்கள். திடீரென்று போவதெல்லாம் அப்ஸ்காண்ட் ஆகாது. பொறுப்பை உதறிவிட்டு, பிடிபடக்கூடாது என்று மறைந்து போனால்தான் ஆகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக இருந்தபோது, பதிவேட்டில் ஒருவன் பெயருக்கு எதிரே அதை எழுதினால் அன்று மாலையே தோட்டம் அவனுக்குக் கொடுத்த லயத்து வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

துரை நம்பிய சாட்சி

துரை புதியவர், நம் வழக்கம் தெரியாதவர். பால்வெட்டும் முனியன் ஒருநாள் விடியற்காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரவில்லை. அடுத்த வீட்டு அஞ்சலையை விசாரித்தோம். ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனானாம். வருகிறேன் என்றவன் ஓடிப்போனவன் ஆகமாட்டான் என்று துரை ஒரு வாரம் காத்திருந்தார். முனியன் வரவில்லை. கடைசியில் அஞ்சலைக்கே பொறுக்கவில்லை.

“எழவு வீட்டைத் தவிர எங்கேயும் அப்படித்தான் சொல்லுவோம் ஐயா. அவன் கோழியெல்லாம் முன்னாடியே வித்துட்டானே, அதைக் கேக்க மாட்டீங்களா?”

நான் நம்பிய சாட்சி

கோழியைத் தூக்கிக்கொண்டு யாரும் திருட்டுத்தனமாகப் போக முடியாது. கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஆகவே ஓடுகிறவன் முதலில் அதை விற்பான். அடுத்து வீரப்பன் காணாமல் போனபோது, ஒருமுறை சூடுபட்ட துரை உடனே “அப்ஸ்காண்ட், எழுது” என்றார். வீட்டில் அவனுடைய தாயில்லாத மகள் செல்லம்மா மட்டும் இருந்தாள். எட்டு வயது. எழுதினால் அவளுக்கு வீடு இல்லை.

நான் எழுதாமல் வீரப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து, இந்தச் சொல் இவனுக்குப் பொருந்தாது என்றேன். துரை சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சரிதான் கிராணியாரே, இனிமே பெரட்டுல கோழியையும் வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடுங்க.”

வெள்ளிக்கிழமை மாலை

வீரப்பன் வந்து நின்றான். தைப்பிங்கில் ரயில் பாதை வேலை கிடைத்திருக்கிறதாம். லீவு கேட்டால் கங்காணி விடமாட்டார் என்று சொல்லாமல் போனவன், முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு மகளையும் அழைத்துப்போகத் திரும்பியிருந்தான். இத்தனை நாளும் செல்லம்மாவுக்குச் சோறு போட்ட, பக்கத்து லயத்தில் இருந்த அவள் அத்தை பிள்ளையை விடுவதாக இல்லை. “தைப்பிங்ல ஓயாத மழை. புள்ளைக்கு ஒத்துக்காது. எங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள்.

வீரப்பன் என்னைப் பார்த்தான்.

“அவளையே கேளுங்க ஐயா.”

கேட்டேன். அப்பாவோடு போகிறேன் என்றாள் செல்லம்மா. பதிவேட்டில் வீரப்பனுக்கு ‘லெஃப்ட்’, அதாவது ‘போய்விட்டான்’ என்ற சாதாரண வினைச்சொல்லே போதும் என்றார் துரை.