கரிசலில் விழுந்த மேகசின்

சப்-இன்ஸ்பெக்டர் ராதாமணிக்கு இடது கைப் பழக்கம். பயிற்சியின்போது கைத்துப்பாக்கியை இடது கையில் எடுத்ததும் பயிற்சியாளர் அதட்டினார்.

"குண்டு அடைச்ச மேகசினைக் கழட்டுத பொத்தான் இடது பக்கம் இருக்கும்மா. வலது கையில பிடிச்சா பெருவிரலால அமுக்கலாம். இடது கையில இறுக்கிப் பிடிச்சா சுட்டுவிரலோட அடி அதுல பட்டு அமுக்கிரும். குண்டெல்லாம் மேகசினோட கீழ விழுந்துரும்."

வலது கையிலேயே பழகினாள். கோவில்பட்டிக்கு வந்தபின் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே வேளை வரவில்லை.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், நாகலாபுரம் பக்கம் வரப்புத் தகராறில் முப்பிடாதி என்பவர் தம்பியை வெட்டிவிட்டதாகத் தகவல் வந்தது. ஏட்டு அழகிரிசாமியோடு போனாள். மழை ஈரத்தில் ஜீப் புதைந்துவிட, துப்பாக்கியில் குண்டேற்றிக் கையில் பிடித்தபடி பருத்திக் காட்டுக்குள் நடந்தார்கள். பூட்சில் சகதி அப்பியது. வழுக்கியதில் வலது கையை மண்ணில் ஊன்றினாள். துப்பாக்கி இடது கைக்கு மாறியது.

அப்போதுதான் செடிகளுக்குள்ளிருந்து அரிவாளோடு ஒருவர் அவளை நோக்கி ஓடி வந்தார்.

"நில்லுலே!" என்று ஏட்டு கத்தினார். வந்தவர் நிற்கவில்லை. ராதாமணியின் கை இறுகியது. விசையை இழுத்தாள்.

சத்தமே இல்லை. மேகசின் காலடியில் சகதியில் கிடந்தது.

வந்தவர் அரிவாளைத் தூர எறிந்துவிட்டு மண்டியிட்டார். "என்னையக் கொண்டு போங்க தாயி. தம்பிய முதல்ல பாருங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது."

தம்பி பிழைத்துக்கொண்டார். "அம்மா நிதானமா நின்னாவ. வேற ஆளா இருந்தா சுட்டிருப்பாவ" என்று ஏட்டு ஸ்டேஷன் முழுக்கச் சொன்னார். விசையை இழுத்ததையும் மேகசின் விழுந்ததையும் அவர் கவனித்திருக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு ஆயுத அறையில் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள்.

"இந்த ரகத்துல மேகசின் இல்லன்னா விசை வேலை செய்யாதும்மா. உள்ள குண்டு இருந்தாலும் வெடிக்காது" என்றார் அங்கிருந்தவர்.

அன்றிலிருந்து சோறு பிசையும்போதுகூட இடது கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். அது தன்னுடையது இல்லை என்பதுபோல் இருந்தது. எழுத்து வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சிறையிலிருந்து வந்த முப்பிடாதி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டு கும்பிட்டார். "அன்னைக்கு நீங்க சுடல. அந்தப் புண்ணியத்துலதான் தம்பிகூட ஒத்துமையாயிட்டேன்."

"சுட்டேன் அண்ணாச்சி. வெடிக்கல."

முப்பிடாதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்ட கைகள் மெல்ல இறங்கின. விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை.