மாநில விலங்கை விரட்டிய டூர்

மனிதர்களை வேனில் ஏற்றி மிருகங்களைக் காட்டக் கூட்டிப்போகும் பிழைப்பில், சத்தியமாகச் சொல்கிறேன், மிருகங்களால் ஒரு தொல்லையும் கிடையாது. சொந்தக்காரர்களை மொத்தமாக ஒரு வண்டியில் ஏற்றி இறக்கிய புண்ணியவான்களுக்கு என் கஷ்டம் விளக்காமலே புரியும்.

புதுக்கோட்டையில் டூர் வேன் வைத்திருக்கிறேன். போன தடவை மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஆவூர் டீச்சர் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "வரையாடு நம்ம மாநில விலங்குன்னு வருசா வருசம் பாடம் நடத்துறேன். ஒருதடவை கூடக் கண்ணால பாத்ததில்ல. அத மட்டும் காட்டிருங்க, அடுத்த வருசம் எங்க ஸ்கூல் டூரு ஒங்களுக்குத்தான்."

அன்றைக்கு எனக்குச் சாமியே வரையாடுதான்.

கப்பலோட்டியின் வயிறு

கோட்டைப்பட்டினம் காதர் பாய் விசைப்படகுக்காரர். மலையடிவாரத்தில் எல்லோரும் வாந்திக்கு எலுமிச்சம்பழம் வாங்க, "பொயலுலயே படகு ஓட்டுனவன், எனக்கெதுக்கு?" என்று கெக்கலித்தார். நாலு வளைவுகூடத் தாண்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிய பாவத்துக்கு என் புதுச்சட்டை போச்சு.

வாயைத் துடைத்துக்கொண்டு பாய் சொன்னார்: "கடலு ஆடும் தம்பி, ஆனா இப்புடிச் சுத்தாது."

பூக்காத பூ

மேலே வனத்துறை கைடு சோலைக்காடு, பெரணி, மரத்தில் தொற்றிய ஆர்க்கிட், வேறெங்கும் இல்லாத தவளை என்று தொண்டை வற்றக் காட்டினார். கடைசியில் ஒரு புதரைக் கும்பிடாத குறையாகத் தொட்டு, "இதுதாங்க குறிஞ்சி. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் பூக்கும்" என்றார். நாங்கள் போனது பூக்காத வருசம்.

பாயின் சம்சாரம் நிதானமாகக் கேட்டார்: "அப்ப மத்த வருசமெல்லாம் இதுக்கு என்னங்க வேலை?"

வந்ததே வரையாடு

பனி மூடிக்கொண்டது. பக்கத்தில் நிற்பவரே தெரியவில்லை, ஆடு எங்கே தெரியும்? டீச்சர் முகம் சுருங்கச் சுருங்க ஸ்கூல் டூரு கைநழுவுவது எனக்குத் தெரிந்தது. சரி, கிளம்பலாம் என்றேன். காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட டீச்சர் குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. வேலியோரம், எட்டித் தொடும் தூரத்தில், கொம்பை வளைத்துக்கொண்டு வரையாடு! எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம், திருவரங்குளம் சுப்பையா அண்ணனைத் தவிர. ஊரில் வெள்ளாட்டோடு மல்லுக்கட்டியே வளர்ந்த மனுசன். துண்டை உருவி வீசிக்கொண்டு பாய்ந்தார்: "ஏய்! ச்சூ! ஓடு அங்கிட்டு!"

டீச்சர் நிமிர்ந்தபோது மாநில விலங்கின் பின்பக்கம் பாறைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அண்ணனை அங்கேயே உருட்டிவிடலாம் போல ஆத்திரம். அவரோ, "செடியக் கடிக்குதுல்ல, பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கச் சொல்றீங்களா?" என்று என்னிடமே பாய்ந்தார்.

டீச்சருக்குக் கண் கலங்கியது. அப்புறம் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "வாலாச்சும் பாத்தேனே! ஸ்கூல் டூரு ஒங்களுக்கேதாங்க. ஆனா ஆடு வளக்குற வீட்டு ஆளு ஒருத்தரும் வண்டியில ஏறக்கூடாது."

புதுக்கோட்டை ஜில்லாவில் அப்படிப் பார்த்தால் வேனில் நானும் டீச்சரும்தான் மிச்சம், எங்கள் வீட்டிலும் ரெண்டு ஆட்டுக்குட்டி கிடப்பதால் வண்டியை டீச்சரேதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.