அலமாரியின் மேல்தட்டில் இருந்த குழாய்கள்

களிமண்ணை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். "பானையா செய்யப் போற?" என்று சபையில் ஒருவர் கேட்டார். விளக்கம் சொல்கிற பொறுமை எனக்குக் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். சுத்தமாக்கிய களிமண்ணைத் தண்ணீரில் கலந்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக மிதக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில். அளவு சரியாக அமைந்து, வாரக்கணக்கில் யாரும் அசைக்காமல் விட்டால், கொஞ்சம் கனத்த பகுதி கீழே இறங்கும். அந்தப் பகுதிக்குள் தகடுகள் வெற்றிலைக் கட்டுபோலத் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். ஓடுவதென்னவோ திரவம்தான், உள்ளே படிகத்தின் ஒழுங்கு. அதனால் திரவப் படிகம் என்று பெயர். உப்பு சற்றே கூடினாலும் போச்சு, ஒழுங்குக்கு வரும் முன்பே ஜெல்லியாக உறைந்துவிடும். வெறும் கண்ணுக்கு எல்லாமே நீர்மோர்தான். ஒளியை வடிகட்டும் போலராய்டு தாள்கள் இரண்டைக் குறுக்காகப் பிடித்து, நடுவில் கலவை அடைத்த கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்கு வந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். வராத இடம் கறுப்பு.

நாகர்கோவிலில் எங்கள் ஆய்வகம் சாலையை ஒட்டியது. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் கடக்கும்போதெல்லாம் மேசை அதிரும். ஆய்வு வழிகாட்டி சாரிடம் அனுமதி வாங்கிக் குழாய்களை அருமனையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுற்றிலும் ரப்பர் தோட்டம், அம்மாவும் சித்தியும் மட்டும். பைபிள் வைக்கிற அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்து, "இது அசையவே கூடாது" என்றேன்.

"தூசிகூட தட்ட மாட்டேன் மக்களே" என்றாள் அம்மா. சொன்னபடியே தட்டில் தூசி படிந்து கிடந்தது.

அம்மாவுக்கு அப்போதே கை நடுக்கம் முற்றிவிட்டது. கட்டஞ்சாயா கிளாஸில் பாதி தரைக்குத்தான் போகும். ஆனால் ஜெபத்தில் மட்டும் தளர்ச்சி இல்லை. எங்கள் வீட்டில் எதற்காக ஜெபித்தாலும் அதைக் கையில் எடுத்துத்தான் ஜெபிப்பது. என் ஹால் டிக்கெட்டெல்லாம் அவள் உள்ளங்கை வியர்வை பட்டுத்தான் பரீட்சைக்குப் போயின. நான் டாக்டர் பட்டம் வாங்குகிற அன்றைக்கு உடுக்க ஒரு பட்டுச்சேலை பீரோவில் காத்திருந்தது. அதை உடுத்தும் வரைக்கும் தான் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கணக்கு. எனக்கும் அதுதான்.

விடுதியிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து, குழாய்களைத் தட்டிலிருந்து எடுக்காமலே, பின்னால் டார்ச் அடித்துத் தாள்கள் வழியாகப் பார்ப்பேன். கறுப்பு. அம்மா பின்னால் வந்து நிற்பாள்.

"எரியுதா?"

"இல்லம்மா."

"எரியும். நான் ஜெபிச்சிட்டுதான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் பலமா ஜெபி" என்பேன் எரிச்சலும் சிரிப்புமாக.

உப்பைக் குறைத்தேன், தண்ணீரை மாற்றினேன், குழாயை மாற்றினேன். கறுப்பு மாறவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் கடைசிக் கெடு விதித்துவிட்டது. சார் என்னைப் பார்ப்பதையே தவிர்க்கத் தொடங்கினார். அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பட்டுச்சேலையை உடுத்தித்தான் அடக்கம் செய்தோம்.

நினைவு ஜெபமெல்லாம் முடிந்து, ஆட்கள் வருவதும் நின்றபிறகு ஒரு நாள், வேறு வேலை இல்லாததால் தாள்களை எடுத்தேன். முதல் குழாயின் கீழ்ப்பாதி முழுக்க வெளிச்சம். அடுத்ததும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான். "அம்மா!" என்று கத்திவிட்டேன். அடுக்களையிலிருந்து சித்திதான் ஓடி வந்தாள். அவளையும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அழுதாள்.

"கர்த்தர் கேட்டுட்டாரு பாத்தியா மக்களே. ஒனக்க அம்மை தெனமும் காலத்த எழும்பி இத ஒவ்வொண்ணா எடுத்து, நெஞ்சோட சேத்துப் பிடிச்சில்லா ஜெபிப்பா. கை கெடந்து நடுங்கும். நான் பிடிக்கேன்னாலும் விட மாட்டா. ஒண்ணையாவது கீழ போட்டாளா சொல்லு."

தட்டில் தூசி இருந்தும் குழாய்களில் இல்லாதது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தினமும் அந்தக் கைகளில் குலுங்கி, கீழே இறங்கியதெல்லாம் மறுபடி கலந்துபோயிருக்கிறது. ஜெபத்துக்கு எடுப்பதைத் தொடுவதாக அவள் நினைத்திருக்கவே மாட்டாள். சித்தியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

அந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்னும் கறுப்பாகவே இருந்திருந்தால் போதும் என்று தோன்றியது.

போனில் சார் துள்ளிக் குதித்தார். "என்னம்மா மாத்தினே? அதைத்தான் முதல்ல கேட்பாங்க. ஆய்வேட்டில் தெளிவா எழுதணும்."

எழுதினேன். ஒரு வரிதான் வந்தது: இந்தக் காலத்தில் குழாய்களை யாரும் தொடவில்லை.