ஏரிக்கரை வீட்டின் வாடகை

குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர் அவர். தெருக்களில் யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. "மீட்டர் வந்தாச்சு, நாயைக் கட்டுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அலுவலகத்திலும் 'மீட்டர்' என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. கையில் ஒரு கொக்கிக் கம்பி, ஒரு டார்ச், தோளில் பழைய துணி. வாசலோரத்து இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, தலைகீழாகக் குனிந்து, கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்வார். ஒரு நாளைக்கு நூற்றெண்பது மூடிகள். ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால் இரண்டும் தகராறு செய்யத் தொடங்கியிருந்தன.

எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லி எத்தனையோ பேர் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருமுறைகூட செய்ததில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று பெயர் வாங்கியவர். அந்த மனிதர்தான் ஒரு நாள் தன் மனைவியிடமும் அக்காவிடமும் தம்பியிடமும் ஒரே பொய்யை, ஒரே வார்த்தைகளில், கண் சிமிட்டாமல் சொன்னார்.

காரணம் நான்கு வருடப் பழசு. அப்பா கடைசி ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தது அக்கா வீட்டில். பழைய கார்களை வாங்கி விற்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பழப் பையோடு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அப்பா இறந்த அன்று, கூட்டத்தின் நடுவே, எதை எங்கே வைப்பது என்று அவன் ஏதோ யோசனை சொன்னான். அக்கா வெடித்துவிட்டாள். "நீ வந்து போற விருந்தாளிதானே. விருந்தாளி மாதிரியே ஓரமா நில்லு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, வலது கையும் காலும் வராமல், நாக்கும் குழறிப் போனபோதுகூட தம்பி எட்டிப் பார்க்கவில்லை.

மாமாவை உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பிய ஒரு மாலையில், அக்கா ஆட்டோவில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நாம மூணு பேரும் ஒரு இடத்துல உக்காந்து சோறு தின்னு எத்தனை வருஷம்டா ஆச்சு?" மூன்று பேர் என்றாள். தம்பியின் பெயரை எடுக்கவில்லை. மீட்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

யார் வீட்டில் கூடுவது? அக்கா வீட்டுக்குத் தம்பி வரமாட்டான், தம்பி வீட்டுக்கு அக்கா போகமாட்டாள். அவருடைய வீட்டில், மூன்று குடும்பமும் சேர்ந்தால் வரும் ஒன்பது பேர் நிற்கத்தான் முடியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெண் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஏரிக்கரையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு தனி வீடு. மூன்று படுக்கையறை, அதில் ஒன்று கீழ்த்தளத்தில். மாமாவுக்குப் படியேற வேண்டாம். வாசலில் நீளமான மேசை, பத்து நாற்காலி.

"வாடகை பரவாயில்லையே" என்றார் மீட்டர்.

"அது ஒரு ராத்திரிக்கு, சார். மூணு ராத்திரிக்குக் குறைஞ்சு தரமாட்டாங்களாம். பொறுங்க, மொத்தம் என்னன்னு பாக்குறேன்."

மொத்தம் வர வர அவர் முகம் சுருங்கியது. ஆறு பேருக்குமேல் ஆளுக்கு இவ்வளவு. சுத்தம் செய்யத் தனி. பதிவு செய்து கொடுப்பவர்களுக்குத் தனி. பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு தொகை. கடைசியில் நின்ற எண் அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம். மூன்றாகப் பங்கு போட்டாலும் அரை மாதச் சம்பளம். மாமா வேலையை விட்ட பிறகு அக்காவின் பள்ளிக்கூட விடுதிச் சமையல் சம்பளத்தில் ஓடும் அந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? தம்பி கொடுக்கக்கூடியவன்தான். ஆனால் அக்காவுக்கு ஒரு விலை, அவனுக்கு ஒரு விலை என்றால், இன்னொரு நான்கு வருடத்துக்குச் சண்டை தயார்.

அந்த வாரம்தான் அவர் எடுக்காமல் விட்ட விடுப்புகளுக்கான பணம் கைக்கு வந்திருந்தது. அது யாருக்கென்று முன்பே முடிவான பணம். துணி திருத்தும் கடையில் நாள் முழுக்க ஜிப் மாற்றியும் பேண்ட் மடித்துத் தைத்தும் முதுகு ஒடிந்த மனைவிக்கு, வீட்டிலேயே உட்கார்ந்து தைக்க ஒரு பெரிய தையல் மிஷின். எந்த மிஷின் என்றுகூட அவள் பார்த்து வைத்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டிலை நகர்த்தி இடமும் அளந்தாகிவிட்டது.

அவர் அந்தப் பணத்தை ஏரிக்கரை வீட்டு வாடகையாகக் கட்டினார். மனைவியிடம், "ஆபீஸ்ல பில்லு இன்னும் பாஸாகலை" என்றார். எல்லோரிடமும் சொன்ன பொய் இது: "கூட வேலை பாக்குறவரோட சொந்தக்காரங்க வீடு. நமக்குன்னு சலுகை விலை." உண்மை வாடகையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மொத்தம் என்று சொன்னார். அக்காவும் தம்பியும் தங்கள் பங்கை மறுநாளே அனுப்பினார்கள். "இவ்வளவு சல்லிசா இருக்கே, கூரை ஒழுகாதே?" என்று தம்பி மட்டும் கேட்டான்.

கூரை ஒழுகவில்லை. முதல் நாள் அக்காவும் தம்பியும் மீட்டரின் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "உன் தம்பி பசங்க தண்ணிகிட்ட போறாங்க, பாக்கச் சொல்லு" என்பாள் அக்கா. தம்பி மூன்றடி தூரத்தில்தான் நின்றிருப்பான். மீட்டர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. சோபாவில் ஈரத்தோடு உட்காராதே, அந்தக் கண்ணாடிக் குவளையை எடுக்காதே, மேசையில் சூடாக எதையும் வைக்காதே. தம்பியின் இரட்டைப் பையன்கள் அவரைக் கண்டாலே எழுந்து நின்றார்கள். அவருடைய பதினைந்து வயது மகள், "அப்பா, நாம இங்க தங்க வந்தோமா, காவலுக்கு வந்தோமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

இரண்டாம் நாள் மாலை, மாமாவை நாற்காலியோடு தூக்கித் தண்ணீர் ஓரமாக வைத்தது தம்பிதான். யாரும் கேட்கவில்லை. அவனாகப் போய், "மாமா, பிடிச்சுக்குங்க" என்று தூக்கினான். மாமா குழறலாக ஏதோ சொல்ல, தம்பிக்குப் புரியவில்லை. அக்கா, "வண்டி விக்கிறவன் எதைத் தூக்கினாலும் கமிஷன் கேப்பான்னு சொல்றார்" என்று நேராக அவனைப் பார்த்தே சொன்னாள். தம்பி சிரித்தான். மீட்டர் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை குளியலறையில் வெந்நீர் வரவில்லை. மாமாவைக் குளிப்பாட்ட முடியாமல் அக்கா துண்டோடு நின்றாள்.

"ஓனருக்கு ஒரு போன் போடு அண்ணா" என்றான் தம்பி.

"எதுக்குடா? அடுப்புல காய வச்சுக்கலாம். நாளைக்குக் கிளம்பப் போறோம்."

"காசு குடுத்துட்டு எதுக்கு அடுப்புல காய வைக்கணும்?" கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துத் தம்பியே அழைத்துவிட்டான்.

வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே இருப்பவர் போல. கால் மணி நேரத்தில் வந்து, ஸ்விட்சைத் தட்டிப் பார்த்து, ஆள் வர மதியமாகும் என்றார். பேரம் தம்பிக்குத் தொழில். "மதியம் வரைக்கும் ஒரு நோயாளி குளிக்காம இருக்கணுமா? வாடகையில ஒரு நாளுக்கானதைக் கழிச்சுக்குடுங்க" என்றவன், மூன்றால் வகுத்து ஒரு தொகையும் சொன்னான்.

அந்த அம்மா குழம்பிப்போய் அவனைப் பார்த்தார். "ஒரு நாளுக்கு அவ்வளவுதானா? அதைவிட மூணு மடங்காச்சே ஒரு நாள் வாடகை?"

மீட்டர் குறுக்கே வந்தார். "விடுங்கம்மா, அவன் சும்மா..."

"இல்லைங்க, கணக்குன்னா கணக்கா இருக்கணும்." அந்த அம்மா போனை எடுத்துத் தேடி, தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "உங்க அண்ணன் கட்டினது இது."

தம்பி பார்த்தான். இரண்டாம் முறை பார்த்தான். பிறகு அக்காவிடம் நீட்டினான். அந்த அம்மா கிளம்பிப் போனார்.

"நான் உன்கிட்ட இனாம் கேட்டேனா அண்ணா?" என்றான் தம்பி. "எனக்கு வக்கில்லைன்னு நெனச்சியா?"

"உனக்காக இல்லடா. அக்காவுக்கு..."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா துண்டைக் கீழே வைத்தாள். "எனக்கா? என்னைப் பார்த்தா உனக்குப் பாவமா இருக்கோ? இவ்வளவுன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை."

"அவன் கேக்குறதுல என்னடா தப்பு? எங்களை ஆளுக்கொரு பொம்மை மாதிரி தூக்கி வச்சு விளையாடியிருக்க." அக்கா தம்பியின் பக்கமாக நகர்ந்து நின்றிருந்தாள். நான்கு வருடம் முகம் பார்க்காத இரண்டு பேரும் மாறி மாறி அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் காசா?" என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார். அவள் உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். ஒரு நாள் மீதி இருந்தது. யாரும் இருக்கவில்லை. அக்காவையும் மாமாவையும் தம்பிதான் தன் காரில் கூட்டிப்போனான்.

வீட்டில் அவள் கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். சாப்பாடு போட்டாள், மகளின் பள்ளி விஷயம் பேசினாள், அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்து, "வாடகைக்காக ஏமாத்தினதுகூடப் பரவாயில்லை. பில்லு வரலைன்னு சொன்னீங்களே, நான் தினமும் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டேனே. அப்போ என் மூஞ்சியை எப்படிங்க பார்த்தீங்க?" என்றாள். அக்காவும் தம்பியும் மீதிப் பங்கை அவருக்கு அனுப்பாமல் அவளுக்கே அனுப்பினார்கள். தம்பி ஒரே தடவையில், அக்கா ஐந்து மாதத்தில். அவள் தன் பெயரிலேயே தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, பழைய மிஷின் ஒன்றை வாங்கினாள். விலை என்னவென்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மாதச் சம்பளம் அப்படியே அவள் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இன்னொரு பகுதியின் மூடிகளையும் தூக்கப் போனார்.

அடுத்த வருடம் மாமாவுக்கு மறுபடி பக்கவாதம் வந்துவிட்டது. மீட்டருக்குச் சேதி கிடைத்து, வேலையைப் பாதியில் விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, அங்கே தம்பி ஏற்கனவே இருந்தான். அக்கா முதலில் கூப்பிட்டது அவனைத்தான். பதினோரு நாள் அவன் அங்கேயே கிடந்தான். மாமாவைப் புரட்டிப் படுக்க வைத்தான், அக்காவைச் சாப்பிட வைத்தான். மாமா பிழைத்தார். கால் மட்டும் மீளவில்லை.

கடைசி நாள் மாலை மீட்டரும் மனைவியும் நடைக்கூடத்தில் நின்றார்கள். உள்ளே மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் போடுகிற சாதாரணச் சண்டை. அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, மனைவி அவரைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"இதனால நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, பஸ் போயிடும்."