ஆத்தம்மா பட்ட பொறாமை

மிஷனரி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாம்புக்கடி, மலேரியா, வெள்ளம், புதுப் பாஷை என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பொறாமைக்கு மட்டும் ஒரு வகுப்பும் கிடையாது. நானும் என் கணவர் தேவதாஸும் கோதாவரி ஓரத்து மலைகளில், லாஞ்ச் என்கிற மோட்டார் படகை விட்டால் வேறு வழியில்லாத ஊர்களில் பதினாறு வருஷம் இருந்தோம். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரி. பக்கத்து வீட்டு நெசவுக் குடும்பம் தெலுங்கு பேசும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. அந்தத் தெலுங்கை நம்பித்தான் எங்களை அங்கே அனுப்பினார்கள். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போன சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு "எனக்கும்தான்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

லாஞ்ச் நின்ற மழைக்காலம்

எங்கள் மகள் ஜெனி மூன்று வயது வரைக்கும் எங்களோடுதான் இருந்தாள். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மலேரியா வந்தது. ஆறு கரைபுரண்டு ஓடியது, லாஞ்சை நிறுத்திவிட்டார்கள். மீன் பிடிக்கிற பாபய்யா தன் படகில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஜெனிக்கு என் மடியிலேயே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்தார்கள். "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காதும்மா" என்றார் டாக்டர்.

அவளைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தோம். ஊழியமே வேண்டாம் என்றேன் நான். ஆனால் நாங்கள் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு எங்களை விட்டால் வேறு வாத்தியார் இல்லை, அது எனக்கும் தெரியும். முடிவை எடுத்தது என் அக்கா ரோஸிதான். அக்கா வீட்டிலிருந்தே பட்டுப்புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள். மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. என் இடுப்பில் இருந்த ஜெனியைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நீ ஆத்துக்குப் போ. இவ இங்கயே இருக்கட்டும். இந்த வீட்லயும் ஒரு சத்தம் இருக்கணுமில்ல?"

சிக்னல் பாறை

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. ஆற்றைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறிவிடுவேன். வெயிலில் பாறை கொதிக்கும். செருப்பைக் கழற்ற முடியாது.

ஜெனிக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். போனை அவளே எடுத்தாள். "அம்மா பேசுறேன்டா கண்ணு" என்றேன். "அம்மா குளிச்சிக்கினு இருக்காங்க, அப்புறமா பேசுங்க" என்றாள். "நான்தான்டி அம்மா" என்றேன். தெரியாதவளுக்கு வழி சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்: "ஓ, நீங்க ஆத்துக்கிட்ட இருக்குற ஆத்தம்மாவா? இங்க இருக்குறவங்கதான் அம்மா."

வெள்ளைத் துணியில் படம்

லீவில் வரும்போது சொந்தச் சபையில் ஊழியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். காஞ்சிபுரத்தில் எங்கள் சபைக் கோயிலின் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினோம். நான் ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பெண்ணை மடியில் வைத்துப் பேன் பார்க்கிறேன். இன்னொருத்திக்குத் தலை சீவிப் பின்னுகிறேன். ஒருவனுக்குச் சிரங்குக்கு மருந்து போடுகிறேன். சபையே மூக்கை உறிஞ்சியது. பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஒன்பது வயது ஜெனி முதல் வரிசையில், அக்கா பின்னிய இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்தாள். அது நான் பின்னுவதைவிட நன்றாகவே பின்னின சடை என்பதை வேறு நான் கவனித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வருகிற வழியில், பூக்கடை கிட்டே வந்ததும் நின்றாள். "அந்தப் பொண்ணு பேரு என்னா? டெய்லி அவளுக்கு நீங்கதான் தல வாருவீங்களா?"

மார்த்தாளின் மூன்று பையன்கள்

ஆற்றில் இரண்டு வளைவு தாண்டி இன்னொரு ஊரில் திருநெல்வேலிக்காரி மார்த்தாள் ஊழியம் செய்தாள். அவள் மூன்று பையன்களையும் கூடவே வைத்துக்கொண்டாள். அவளே பாடம் சொல்லிக்கொடுத்தாள். பையன்கள் மீன் மாதிரி நீந்துவார்கள். சாப்பிடும்போது மூன்று பேரும் அவள் மேலேயே சாய்ந்துகொண்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. தலைவலி என்று ஏதாவது சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் கிளம்பின என்னைப் படகுத்துறை வரைக்கும் விட வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்கள பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுக்கா. ஒங்க மவ இங்கிலீசுல ஜெபம் பண்ணுதாம்லா, எம் பயலுவ லாஞ்சு ஓட்டத்தான் லாயக்கு!"

போட்டோவில் ஓர் இடம்

ஜெனி பெரியவளான செய்தி, நான் அடுத்த தடவை பாறை ஏறியபோதுதான் எனக்குக் கிடைத்தது. லாஞ்ச், பஸ், ரயில், மறுபடி பஸ். காஞ்சிபுரத்தில் இறங்கினால் கருடசேவை. தெருவெல்லாம் ஜனம், ஆட்டோ இல்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நீந்தி வீட்டுக்குப் போனபோது விசேஷம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அக்கா போட்டோவைக் காட்டினாள். ஊதா நிறப் பட்டுப் பாவாடையில் ஜெனி. பக்கத்தில், தாய் நிற்கிற இடத்தில் அக்கா. அவள் தோளில் ஜெனி தலையைச் சாய்த்திருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "உனக்குன்னு நடுவுல எடம் விட்டுதாம்மா நின்னேன். அந்தப் போட்டோக்காரன்தான் கிட்ட வா, கிட்ட வான்னு தள்ளிட்டான்."

கங்கம்மாவின் வேண்டுதல்

அணை வேலைக்காக ஆற்றோரத்து ஊர்களைக் காலி செய்தார்கள். ஜனங்களைத் தூரத்துக் காலனி வீடுகளுக்கு மாற்றினார்கள். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. எங்களுக்கு வேலை இல்லை. ஊருக்குத் திரும்புங்கள் என்று மிஷனிலிருந்து தகவல் வந்தது. பேன் பார்க்கிற படத்தில் என் மடியில் இருந்தாளே, அந்தப் பெண் துர்கா. அவள் பிறந்தபோது கையில் ஏந்தியதே நான்தான். கடைசி நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்று அழுதாள். சொல்ல வெட்கம்தான், அந்த அழுகை எனக்கு இனித்தது.

அவள் தாய் கங்கம்மா தள்ளியே நின்றாள். அத்தனை வருஷமாக எனக்கு மீனும் கீரையும் கொண்டுவந்து கொடுத்தவள், அன்றைக்குக் கிட்டே வரவில்லை. லாஞ்ச் வந்த பிறகுதான் வந்தாள். மகளின் விரல்களை என் முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாத்துக்கும் உங்களத்தாம்மா இவ தேடுவா. இனிமேலாவது என்னத் தேடட்டும்."

லாஞ்ச் கிளம்பி வெகுநேரம் வரை நான் அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி கட்டிய நாள்

காஞ்சிபுரம் வந்து அக்கா வீட்டு மாடியில் குடியேறினோம். ஜெனி நர்ஸிங் படித்தாள். சாயங்காலம் கீழே அக்கா கையால் டீ குடித்துவிட்டுத்தான் மேலே வருவாள். நானும் ஏலக்காய், இஞ்சி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். "நல்லாருக்கும்மா" என்பாள், பாதி டம்ளரோடு. 'அம்மா' என்றுதான் இப்போது கூப்பிடுகிறாள். அக்காவையும் அப்படித்தான்.

படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போது அக்கா வெறும் மேற்பார்வைதான் பார்த்தாள். ஜெனி பஸ் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்தோம். அக்கா குஞ்சம் கட்ட ஒரு புடவையை எடுத்து வைத்துக்கொண்டாள். நூல் முடிச்சு விழவே இல்லை. பிரித்துப் பிரித்துக் கட்டினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பொண்ண வுட்டுட்டு அங்க எப்படிம்மா இருந்த? எனக்கு இது பழக்கமில்ல. கொஞ்சம் சொல்லிக் குடு."

இப்போது நானும் அக்காவும் ஒருவர் மேல் ஒருவர் பொறாமைப்படுவதை அடியோடு விட்டுவிட்டு, ஜெனி போனில் ஓயாமல் புகழ்கிற கோயம்புத்தூர் மெஸ்காரம்மா மேல் ஒற்றுமையாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.