மூன்று வாரம் பிந்திப் பார்த்த வண்ணத்துப்பூச்சி

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. கொட்டகலையில் மூடுபனி கலைந்து, மேல்மலைக் காடு விளிம்பு வரை சுத்தமாகத் தெரிந்தது. காற்று இல்லை. என் வாசல் சுவரில் தொங்கும் வெப்பமானி பதினான்கு பாகை காட்டியது. முதல் கோடை மழை விழுந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. எங்கள் வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் போக அதைவிட நல்ல காலை கிடைக்காது. நான் போகவில்லை. இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பத்திரிகையின் பதினாறு பக்கத்தையும் படித்து முடித்தேன்.

எங்கள் என்று நான் சொல்வது இரண்டு பேரை. நான் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டு கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மற்றவர் கொட்டகலைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, தண்ணீர்க் குழாய் எல்லாம் தோட்டத்து ஆட்கள் அவரிடம்தான் வாங்குவார்கள். இப்போது கடையை மகன் பார்க்கிறார். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மாஸ்டர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து மேல் லயத்து வீடுகளுக்குக் குழாய் இறக்கப் போன நானா, திரும்பி வந்து நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். "காஞ்ச எல ஒன்னு எந்திரிச்சுப் பறக்குது மாஸ்டர். உங்க புத்தகத்துல அப்பிடி ஒன்னு இருக்கா பாருங்க" என்றார். இருந்தது. இந்தத் தீவின் உயரமான மலைகளில் மட்டும், அதுவும் சில இடங்களில் மட்டும், சிறு மூங்கில் புதர்களை ஒட்டி வாழும் பழுப்பு நிறப் பூச்சி. சிறகை மூடி உட்கார்ந்தால் சருகுதான். பின்சிறகின் அடிப்பக்கத்தில், பக்கத்துக்கு ஆறாக, கறுப்புப் பொட்டு வைத்த மஞ்சள் வட்டங்கள் கண் போல இருக்கும். அதே சாயலில் வேறு பழுப்புப் பூச்சிகளும் அங்கே திரிவதால் வட்டத்தை எண்ணாமல் எதையும் நம்பக் கூடாது. கோடை தொடங்கும்போது கூட்டைவிட்டு வெளியே வரும், சில வாரத்தில் முடிந்துவிடும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் போனோம். நாற்பத்தொரு முறை போயிருக்கிறோம். மூன்று ஆண்டுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற ஆண்டுகளில் எல்லாம் சேர்த்து முப்பத்து மூன்று பூச்சி. எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் பார்ப்பவர் வட்டத்தைச் சத்தமாக எண்ண வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும், பிறகுதான் நான் கொப்பியில் எழுதுவேன். எண்ணாததை எழுதக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். நானா அதைக் கேலி செய்துகொண்டே பன்னிரண்டு ஆண்டும் காப்பாற்றினார்.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. முந்தின ஆண்டு இடது கண் போய்விட்டது. ஜனவரியில் கண்டிக்குப் போய் வலது கண்ணையும் காட்டிவிட்டு வந்தவர் என் வீட்டில் இறங்கினார். கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் பலவீனமாகி இருக்கின்றனவாம், எப்போது கசியும் என்று சொல்ல முடியாதாம்.

"அதுக்குப் பன்னெண்டு கண்ணு மாஸ்டர், எனக்கு ஒன்னே ஒன்னு" என்று சிரித்தார். "அந்த ஒன்னும் இருக்கும்போதே இன்னொரு தடவ பாத்துக்கிறணும். இந்த வருஷம் விட்டுறாதீங்க."

விடமாட்டேன் என்று சொன்னேன். அதற்கு முன் வேறு யாருக்கும் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மார்ச் 15 சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நோன்பு மாதம். அன்று அவருக்குப் பதினாலாவது நோன்பு. சீனி வருத்தக்காரர் பிடிக்க வேண்டியதில்லை என்று அவருடைய மகனே சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

"நாளைக்குப் போவமா மாஸ்டர்? மழ பேஞ்சு நாளாச்சு."

"நோன்போட வேணாம் நானா. தண்ணித் தொட்டியிலேருந்து மூங்கில் வரைக்கும் ஆயிரத்து நூத்தி நாப்பது காலடி. தண்ணி குடிக்காம ஏறி நீங்க மயங்கி விழுந்தா நான் ஒத்தையா என்ன செய்யிறது?"

"நோம்பு எனக்கு. மூச்சு வாங்குறது உங்களுக்கா?"

"பெருநாள் முடியட்டும். ஏப்ரல் பத்து வரைக்கும் அது இருக்கும். என்கிட்ட பன்னெண்டு வருஷக் கணக்கு இருக்கு."

"உங்களுக்கு என் நோம்பப் பத்திப் பயமில்ல மாஸ்டர். உங்க முட்டியப் பத்தித்தான் பயம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த வாரம் வலது முழங்கால் வீங்கியிருந்தது. அதை மறைக்க அவருடைய நோன்பு வசதியாகக் கிடைத்தது. மீதிப் பாதி உண்மையான அக்கறைதான் என்று இன்றும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நோன்பு வைத்திருப்பவரால் எது முடியும், எது முடியாது என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்காக நானே முடிவு செய்துவிட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. 23ஆம் தேதி ஞாயிறும் நல்ல வெயில்.

27ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் அவருடைய மகன் கூப்பிட்டார். "மாஸ்டர், வாப்பாவுக்கு விடியச் சாமம் சாப்பிட எழும்பினதுலேருந்து கண்ணுத் தெரியல்லயாம். மை ஊத்தின மாதிரி இருக்காம். கண்டிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

கண்டியில் வைத்தியர் சொன்னதை நானா எனக்குப் பெருநாளன்று சொன்னார். கண்ணுக்குள் கசிந்த இரத்தம் தானாக வடியலாம், வடியாமலும் போகலாம். பின்னால் விழித்திரையும் கழன்றிருப்பது போலத் தெரிகிறது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, வெளிச்சம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். வட்டிலப்பம் கொண்டு வரச் சொன்னார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"நோன்பால வந்ததா நானா?" என்று கேட்டேன். அப்படியென்றால் என்மேல் பழி இல்லை என்று நினைத்துத்தான் கேட்டேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

"டொக்டர் இல்லன்னாரு. வரவேண்டியது வந்துச்சு" என்றார். பிறகு, "அப்ப ஞாயித்துக்கெழம போறோம்தானே?" என்றார்.

"எப்பிடி நானா?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க. பெருநாள் முடியட்டும்னு சொன்னீங்க, முடிஞ்சிருச்சு. இன்னும் என்ன?"

ஏப்ரல் 6ஆம் தேதி காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினோம். முச்சக்கர வண்டிக்காரன் எங்களை ஆண்டுதோறும் ஏற்றிப் போகிறவன். நானாவின் கையைப் பிடித்து ஏற்றினான், வழக்கமாகப் போடும் பாட்டை அன்று போடவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் இறங்கினோம். நானா என் இடது தோளில் கை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், அன்றன்றே காசு கிடைக்கும் கைக்காசுக் கொழுந்துக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மலையில் நின்றார்கள். அதில் ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"அய்யா, மொதலாளிய எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"வண்ணாத்திப்பூச்சி பாக்க" என்று நானாவே பதில் சொன்னார்.

"அதுக்கா மல ஏறுறீங்க? எங்க கூடைக்குள்ள நாலு கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க!"

"அந்த நாலையும் சேத்து நிறுத்துருங்க தாயி, இல்லாட்டி எட குறையப் போகுது" என்றார் நானா. மலை முழுக்கச் சிரிப்பு. கண் போனது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவர் அவ்வளவு நேராக நின்று, குரல் வந்த பக்கம் சரியாகத் திரும்பிப் பேசினார்.

காலடியை எண்ணிக்கொண்டே ஏறினேன். ஆயிரத்து நூற்று நாற்பது இருக்க வேண்டியது ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. கால்வாய் வந்தால் நிறுத்திச் சொல்ல வேண்டும், கல் வந்தால் சொல்ல வேண்டும். என் முழங்கால் ஒரு இடத்திலும் வலிக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூங்கில் புதருக்கு எதிரே எப்போதும் உட்காரும் கல்லில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். எட்டேகால் ஆனது, எட்டரை ஆனது. நான் ஒவ்வொரு சருகாகப் பார்த்தேன். இல்லாமல் போனால் நல்லது என்று ஒரு நிமிடம் தோன்றியது. இல்லை என்றால் இருவருக்கும் இல்லை. மூன்று ஆண்டு அப்படித் திரும்பியிருக்கிறோம், அதுபோல இதுவும் இருக்கட்டும்.

ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு சருகு எழுந்து பறந்தது. கொஞ்சம் தள்ளி வெயில் விழுந்த மூங்கில் தண்டில் உட்கார்ந்து சிறகை மூடியது. என் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஏப்ரல் பத்து வரை இருக்கும் என்று சொன்னேன், இருந்தது. பூச்சி எத்தனை நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கண் எத்தனை நாள் இருக்கும் என்பதை அதில் சேர்க்கவில்லை.

நான் மூச்சைப் பிடித்ததை வைத்தே நானா கண்டுபிடித்துவிட்டார். "வந்துருச்சா?"

"வந்திருக்கு."

"எண்ணுங்க."

என் பக்கம் இருந்தது இடது சிறகு. "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு, அஞ்சு, ஆறு" என்று எண்ணினேன். பிறகு மெல்ல எழுந்து, புதரைச் சுற்றி மறுபக்கம் போனேன். வலது பின்சிறகில் பாதிக்கு மேல் இல்லை. குருவி கொத்தியிருக்கலாம், முள்ளில் கிழிந்திருக்கலாம். இரண்டு வட்டம்தான் மீதி. நிறம் வெளுத்து, ஓரம் நூல் நூலாக இருந்தது.

"இந்தப் பக்கமும் ஆறு" என்றேன். "மொத்தம் பன்னெண்டு நானா. நல்ல அழகா இருக்கு."

நானா கைகளை முழங்காலில் வைத்தபடி மூங்கில் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தார்.

"கிழிஞ்சிருக்கும் மாஸ்டர்" என்றார். "வெளிய வந்து மூனு வாரமாச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. குழாயின் அளவு சொல்வது போலச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டில் நான் எண்ணாமல் சொன்ன ஒரே எண் அதுதான்.

"ரெண்டு" என்றேன். "வலது பக்கம் ரெண்டுதான் இருக்கு."

"அப்ப எட்டு. எட்டுன்னே எழுதுங்க."

எழுதினேன். முப்பத்து நான்காவது பூச்சி. சரிபார்த்தவர் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். அது இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அந்த நாலு நிமிடமும் அதன் நிறம், சிறகு அசைந்த விதம், எந்தக் கணுவில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அவர் கேட்டார், நான் சொன்னேன். எனக்கு நன்றாகச் சொல்ல வரவில்லை. எண்ணத் தெரிந்த அளவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அது காட்டுக்குள் போய்விட்டது.

"போயிருச்சு" என்றேன்.

"தெரியும். நீங்க மூச்ச விட்டுட்டீங்க" என்றார்.

இறங்கி வந்து கடைவீதியில் தேத்தண்ணீர் குடித்தோம். செலவை எப்போதும் சரிபாதியாகப் பிரிப்போம், ஒருவர் பங்கை மற்றவர் கொடுத்ததே இல்லை. அன்று எல்லாவற்றையும் நானே கொடுக்கப் பார்த்தேன். நானாவுக்குக் கோபம் வந்தது. அந்த நாளில் அவர் கோபப்பட்டது அதற்கு மட்டும்தான். "கண்ணுப் போனா கையும் போயிருச்சுன்னு நெனச்சீங்களா?" என்றார். பணப்பையை எடுத்து, ஒரு நோட்டின் நீளத்தை விரலால் அளந்து ஆயிரம் என்று நீட்டினார். அது ஐந்நூறு. நான் சொன்னேன். அவர் பையைத் திறந்தபடியே மேசையில் வைத்து, "நீங்களே எடுங்க. சரிபாதி. ஒரு ரூபா கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றார்.

வண்டிக்கு, காத்திருந்த நேரத்துக் காசோடு, மூவாயிரத்து அறுநூறு. தேத்தண்ணீருக்கும் வடைக்கும் இருநூற்று நாற்பது. அவர் பையிலிருந்து அவர் பங்கை எடுத்து வைத்தேன், என் பையிலிருந்து என் பங்கை எடுத்து வைத்தேன். என் பங்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.